கன்று யார் கொடுத்தது?

பின்னேரம் நாலரை மணிக்கு யாழ் பல்கலைக்கழகத்தை ஒட்டிய பரமேஸ்வராச் சந்திப் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் இடம் பிடிப்பது சுலபமில்லை. லெக்சர் முடிந்து பிள்ளைகள் கம்பஸ் வாசலால் கூட்டமாக வெளியே வருகிற நேரம் அது. போன வருடம் அப்படியொரு பின்னேரம் மூலை மேசையொன்றில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். லண்டனில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி, சின்னதாக ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கியிருக்கிற என் நண்பர், கணினி விஞ்ஞானம் படிக்கிற மூன்றாம் வருட மாணவன் ஒருவன், நான். மேசையில் மூன்று பிளேன்ரீ, ஒரு தட்டில் வடை, நடுவில் கண்ணாடி மூலை வெடித்த ஒரு போன்.

நிலாவரைப் பக்கம் தோட்டம் செய்கிற தன் பெரியப்பாவுக்காக அந்தப் பொடியன் ஒரு செயலி எழுதியிருந்தான். சுன்னாகம், மருதனார்மடம், திருநெல்வேலிச் சந்தைகளில் அன்று காலை கத்தரிக்காயும் வெங்காயமும் பீற்றூட்டும் என்ன விலைக்குப் போயின என்று அது காட்டும். அவ்வளவுதான்.

"உதை ஒருக்கா திறந்து காட்டும் தம்பி. விலையை ஆர் போடுறது?"

"சந்தைக்குப் போற மூண்டு பேர் வட்ஸ்அப்பிலை அனுப்புவினம் அண்ணா. நான்தான் இருந்து தட்டுறன்."

"தோட்டத்திலை நெட் இல்லாட்டி?"

"கடைசியா வந்த விலை நிக்கும். அது எத்தினை மணிக்கு வந்ததெண்டும் பக்கத்திலை கிடக்கும். இல்லாட்டி பெரியப்பா நேற்றையான் விலையை நம்பி ஏமாந்துபோவார்."

நண்பர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் தேடி வந்தது அந்தக் கடைசிப் பதிலைத்தான். பரீட்சைப் பெறுபேற்றுத் தாளில் இப்படியொரு வரி ஏறாது. தன் பொருளைக் கையில் எடுக்கப்போகிறவர் எங்கே தடுக்கி விழுவார் என்று யாரும் சொல்லாமலே யோசிக்கிற பிள்ளையைத்தான் புதுத் தொழில் தொடங்குகிறவர்கள் வலைபோட்டுத் தேடுகிறார்கள்.

"எங்களோடை வந்து சேருமன்" என்றார்.

"அம்மாட்டைக் கேட்டுச் சொல்லுறன் அண்ணா."

இந்தப் பதிலைத் தயக்கம் என்று எடுத்துக்கொண்டு, இந்த ஊரில் ஆட்களே இல்லை என்று சலித்துக்கொள்கிற தொழில்முனைவோரை நான் பார்த்திருக்கிறேன். ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களை எடுக்கிற விதத்தில்தான் பிழை நடக்கிறது.

படிக்கிற பிள்ளையிடம் போவதற்குத் தொழில்முனைவோர் பல காரணம் சொல்வார்கள்: புதியதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள், பழைய பழக்கங்கள் இல்லை, இரவிரவாக இருந்து முடித்துத் தருவார்கள். எல்லாம் உண்மை. இன்னொரு உண்மையும் உண்டு. அனுபவசாலி ஒருவருக்குக் கொடுக்கிற சம்பளம் தொடக்க நிறுவனத்திடம் இருப்பதில்லை. மாணவனின் உழைப்பு மலிவு. மலிவு என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அதற்கு ஈடாக என்ன கொடுக்கப்போகிறோம் என்று சொல்கிறவர் நேர்மையானவர். அதை 'வாய்ப்பு', 'அனுபவம்' என்ற சொற்களுக்குள் மூடிவைக்கிறவரிடம் பிள்ளைகள் கவனமாக இருக்க வேண்டும்.

இந்த வழக்கம் புதியதும் இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பிரெட்ரிக் டேர்மன் என்ற பொறியியல் பேராசிரியர், தன்னிடம் படித்த ஹியூலெட், பக்கார்ட் என்ற இருவரையும் சொந்தமாகத் தொழில் தொடங்கச் சொல்லித் தூண்டிக்கொண்டே இருந்தார். வேறு மாநிலத்தில் வேலையில் இருந்த பக்கார்ட் திரும்பி வருவதற்குப் புலமைப்பரிசிலும் ஒழுங்குசெய்தார். 1939இல் கார் நிறுத்துகிற ஒரு கொட்டகையில் 538 டொலருடன் அவர்களின் நிறுவனம் தொடங்கியது. பின்னாளில் சிலிக்கன் பள்ளத்தாக்கு என்று பெயர் எடுத்த இடத்துக்கு அந்தக் கொட்டகையைத்தான் பிறப்பிடமாகக் காட்டுகிறார்கள். மாணவனையும் தொழிலையும் சேர்த்துவைத்தது ஒரு பேராசிரியரின் பிடிவாதம் என்பதை நம் துறைத்தலைவர்கள் மனதில் வைத்தால் நல்லது.

இலங்கையிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 என்ற மென்பொருள் நிறுவனம் மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பிள்ளைகளைப் பெருமளவில் எடுத்து வளர்ந்தது. அதே 2005இல் கூகுள் தொடங்கிய 'சமர் ஒஃப் கோட்' திட்டத்தில், விடுமுறைக் காலத்தில் திறந்த மூல மென்பொருளுக்கு நிரல் எழுதித் தேறிய மாணவர் தொகையில் மொறட்டுவை உலகளவில் முன்வரிசையில் நின்றது. அந்த நிரல் யார் கண்ணுக்கும் திறந்திருக்கும். நிறுவனங்கள் நேர்முகத் தேர்வுக்கு முன்பே பிள்ளையின் கையெழுத்தைப் பார்த்துவிடலாம். 2024இல் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தை ஈக்யூடி என்ற ஐரோப்பிய முதலீட்டுக் குழுமம் 60 கோடி டொலருக்கு மேலான மதிப்பில் வாங்கியது.

அப்படியானால் யாழ்ப்பாணத்தில் ஏன் அதுபோல் நடக்கவில்லை? முதல் காரணம், பிள்ளைகள் இருக்கிற இடம். உயர்தரப் பரீட்சையில் இசட் ஸ்கோர் மிக உயர்ந்த யாழ்ப்பாணப் பிள்ளை பொறியியலுக்கு மொறட்டுவையையோ பேராதனையையோ முதலில் எழுதுகிறது. யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமோ திருநெல்வேலியில் இல்லை. அது கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ் நகரிலிருந்து ஏ9 வீதியில் 65 கிலோமீற்றருக்கு மேல். விவசாய பீடமும் தொழில்நுட்ப பீடமும் அங்கேதான். திருநெல்வேலி வளாகத்துக்குள்ளே நடந்துபோய்ச் சந்திக்கக்கூடியவர்கள் கணினி விஞ்ஞானம், முகாமைத்துவம், கலை, மருத்துவம் படிக்கிறவர்கள். பனம்பண்டத்தையோ காய்ந்த மரக்கறியையோ பொதிசெய்து ஏற்றுமதி பண்ண நினைக்கிறவருக்குத் தேவையான பிள்ளை அறிவியல் நகர் விடுதியில் இருக்கிறது. அவர் யாழ் நகரில் அறிவித்தல் ஒட்டிக்கொண்டு இருக்கிறார்.

பலர் கவனிக்காத ஒன்று: அறிவியல் நகரில் தென்பகுதியிலிருந்து வந்த சிங்களப் பிள்ளைகளும் நிறையப் படிக்கிறார்கள். படிப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. நான்கு வருடம் வடக்கில் வாழ்ந்து, ஓரளவு தமிழும் பழகி, தெற்குச் சந்தையையும் தெரிந்து வைத்திருக்கிற அவர்களை இங்குள்ள புது நிறுவனங்கள் கேட்டே பார்ப்பதில்லை. வடக்கில் செய்த பொருளை மாத்தறையில் விற்க வேண்டுமென்றால் அவர்களைவிடப் பொருத்தமானவர் யார்?

சந்திக்க இடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. யாழ் ஐடி ஹப் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு பத்து வருடத்துக்கும் மேலாக 'யாழ் கீக் சலஞ்ச்' போட்டியை நடத்துகிறது. பிள்ளைகள் குழுவாக வந்து, ஒரு யோசனையைப் பொருளாக்கி, கட்டங்கட்டமாக நடுவர்கள் முன் வைக்க வேண்டும். ஆள் தேடுகிற ஒருவருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இறுதிநாளில் வந்து பரிசு வாங்கியவரின் கையைக் குலுக்கிவிட்டுப் போவதில் பயன் குறைவு. இடைக் கட்டங்களில் வந்து இருந்து, நடுவர் 'இது சரிவராது' என்று சொன்ன பிறகு அடுத்த கிழமை எந்தக் குழு திருத்திக்கொண்டு வருகிறது என்று பார்க்க வேண்டும்.

இனிப் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகிற பெரிய கசிவுக்கு வருகிறேன். கணினி, பொறியியல் படிப்புகளில் இறுதி வருடத்தை ஒட்டி ஒரு தொழிற்பயிற்சிக் காலம் உண்டு, பெரும்பாலும் ஆறு மாதம். பிள்ளை பெட்டியைக் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போகிறது. வெள்ளவத்தையில் நாலு பேராக ஓர் அறை எடுத்து, காலை பஸ்ஸில் தொங்கி, மாதப் படியில் பாதியை வாடகைக்குக் கொடுத்து வேலை பழகுகிறது. ஆறாம் மாதம் நிறுவனம் கூப்பிட்டு, 'படிப்பு முடிந்ததும் வந்து சேரும்' என்று கடிதம் கொடுக்கிறது. அந்தப் பிள்ளை இறுதிப் பரீட்சைக்குத் திரும்பி வரும்போது ஏற்கெனவே கொழும்புக்காரருடைய பிள்ளை. யாழ்ப்பாணத்து முதலாளி பட்டமளிப்பு விழா முடிந்த பிறகு 'சிவி அனுப்புங்கோ' என்று கேட்கும்போது, வேண்டியவர்கள் போய் ஒரு வருடம் ஆகியிருக்கும். இங்கே ஆள் சேர்ப்பு என்பது தொழிற்பயிற்சிக்கு முந்தைய பருவத்தில் முடிய வேண்டிய வேலை. அதற்குத் துறையோடு பேசி, பயிற்சி இடமாகத் தன் நிறுவனத்தை ஏற்கவைக்க வேண்டும். பிள்ளையை மேற்பார்வை செய்ய அனுபவமுள்ள ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும். கற்றுக்கொடுக்க ஆள் இல்லாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப எந்தத் துறைக்கும் மனம் வராது, அது நியாயமும்கூட.

2022க்குப் பிறகு போட்டிக்கு இன்னொருவர் வந்துவிட்டார்: டொலர். அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர், மே மாதத்தில் 360 வரை போனது. வீட்டு முற்றத்தில் இருந்து வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு இணையப்பக்கம் செய்துகொடுத்த மாணவனுக்கு அதே வேலைக்கு ரூபாவில் ஒன்றேமுக்கால் மடங்கு வரத் தொடங்கியது. அந்தப் பிள்ளையிடம் போய் 'ஊருக்காகச் செய்' என்றால் எடுபடாது. தனித்தனியாகச் சின்ன வேலை செய்கிறவனுக்கு ஒன்றுதான் கிடைப்பதில்லை: தான் தொடங்கி வைத்த பொருள் வளர்வதைப் பார்ப்பதும், அதில் ஒரு பங்கு தனக்கென்று இருப்பதும். யாழ்ப்பாணத்துப் புது நிறுவனம் கொடுக்கக்கூடியதும் அதுதான்.

பங்கு என்ற சொல் வந்ததும் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். தடுமாற வேண்டியதில்லை. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி நம் வழக்குகளைத் திரட்டி எழுத, 12 முதலியார்கள் வாசித்து ஒப்புக்கொண்ட தேசவழமை என்ற வழக்குச் சட்டத் தொகுப்பில் இதற்கான யோசனை கிடக்கிறது. ஒருவருடைய காணியில் இன்னொருவர் மரம் நட்டு வளர்த்தால் விளைச்சலை எப்படிப் பங்கிடுவது? கன்றை யார் கொடுத்தார் என்பதைப் பொறுத்து அந்தப் பங்கு மாறும் என்று நம் முன்னோர் பார்த்திருக்கிறார்கள். காணி ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது, கன்று யாருடையது என்பது தனிக் கேள்வி. புது நிறுவனத்தில் பணமும் பெயர்ப்பதிவும் காணி. மாணவனின் இரவுகள் உழைப்பு. செயலியின் மூல யோசனையும் முதல் நிரலும் கன்று. அந்தத் தேநீர்க் கடைப் பொடியன் கன்றையும் கொண்டுவருகிறான் என்பதை முதலே ஒப்புக்கொண்டு பேசுகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

தேசவழமையின் இன்னொரு வழக்கும் இங்கே பொருந்தும். காணியை விற்க நினைப்பவர் முதலில் கூட்டு உரித்தாளருக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் வேண்டாம் என்றால்தான் வெளியாளுக்குக் கொடுக்கலாம். கம்பனிப் பங்காளர் உடன்படிக்கைகளிலும் இதே ஏற்பாட்டைத்தான் வைக்கிறார்கள். காணி உறுதியை நொத்தாரிசிடம் கொண்டுபோய் எல்லை எல்லையாக வாசிக்கிற ஊர் இது. பிள்ளையின் இரண்டு வருட உழைப்புக்கு மட்டும் ஏன் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கம்பஸில் இருந்த காலத்தில் ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு மென்பொருள் ஒன்று எழுதிக் கொடுத்தேன். கேட்டவர் எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர். 'நீ எங்கட பொடியன், உனக்குச் செய்யாமல் விடுவமே' என்றார். ஏழு மாதம். எழுத்தில் ஒன்றும் இல்லை. மென்பொருள் வேலை செய்யத் தொடங்கியதும் அழைப்புகள் குறைந்தன, பிறகு நின்றன. காசு போனதைவிட, அவரைத் தெருவில் கண்டால் வணக்கம் சொல்வதா விடுவதா என்று தெரியாமல் நின்ற நாட்கள்தான் அதிகம் வலித்தன. எங்கள் ஊரில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே கோயில், ஒரே ஊர்க்காரர் என்ற உறவுதான் பிள்ளையை வேகமாக உள்ளே கொண்டுவருகிறது. அதே உறவு, கடதாசி கேட்பதை மரியாதைக் குறைவாக்கி வாயைக் கட்டிவிடுகிறது. நல்ல பிள்ளைகள் கொழும்பு நிறுவனத்தின் அச்சடித்த கடிதத்தை நாடிப் போவதற்குச் சம்பளத்துக்கு அடுத்த காரணம் இதுதான் என்று நம்புகிறேன்.

சட்டம் முதலாளிக்கும் எச்சரிக்கை வைத்திருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி கணினி நிரலும் பதிப்புரிமை உள்ள ஆக்கம். ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதினால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை பொருளாதார உரிமை முதலாளிக்கு. ஊழியராகச் சேர்க்காத மாணவன் எழுதியது மாணவனுடையது. அதை மாற்ற எழுத்தும் கையொப்பமும் வேண்டும். 'தம்பி, உதை ஒருக்கா செய்து தா' என்று வாய்ச்சொல்லில் வாங்கிய நிரலை வைத்துக்கொண்டு வெளிநாட்டு முதலீட்டாளரிடம் போனால், அவருடைய சட்டத்தரணி கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று 'இது யாருக்குச் சொந்தம்?' என்பதாக இருக்கும். பதில் இருக்காது. ஊழியராகச் சேர்த்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 வீதமும் கட்ட வேண்டும். இதைச் சுமையாகப் பார்க்கிறவர்கள் உண்டு. மகனின் பெயரில் சேமலாப நிதி இலக்கம் ஒன்று இருக்கிறது என்பது ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு எவ்வளவு பெரிய உறுதிமொழி என்று அவர்கள் யோசித்ததில்லை.

பங்கு கொடுப்பதிலும் ஒரு முறை உண்டு. சிலிக்கன் பள்ளத்தாக்கில் வழக்கமான ஏற்பாடு நான்கு வருடம். முதல் வருடம் முடியுமுன் விலகினால் ஒன்றும் இல்லை, அதன் பிறகு மாதாமாதம் பங்கு உரித்தாகிக்கொண்டு வரும். 4 வீதம் பேசிய பிள்ளை பதினெட்டாம் மாதம் மேற்படிப்புக்குப் போனால் 1.5 வீதம் அதனுடையது. நம் பிள்ளைகளில் பலர் வெளிநாடு போவார்கள். போவதைத் துரோகமாகப் பார்க்காமல், போகிறவருக்கும் உழைத்த அளவு பங்கு நிற்கும் என்று முதலே எழுதிவிட்டால், அவர் ரொறன்ரோவில் இருந்தும் அந்த நிறுவனத்துக்கு ஆள் தேடித் தருவார்.

பெண் பிள்ளைகள் விடயத்தில் நிறுவனங்கள் திறமையைக் கோட்டைவிடுவது நேரத்தால். இரவு எட்டு மணிக்குக் கூட்டம் வைத்தால் வடமராட்சிக்கோ தீவுப் பகுதிக்கோ போக வேண்டிய பிள்ளை வர முடியாது, வீடும் விடாது. காலை ஏழரைக்குக் கூட்டத்தை மாற்றிப் பார்க்கலாம்.

இன்னொரு வாசலும் திறந்தே கிடக்கிறது. ஏஎல் என்கிற உயர்தரப் பரீட்சை எடுத்த பிள்ளைகள் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, கம்பஸ் வாசல் மிதிக்கும்வரை மாதக்கணக்காக வீட்டில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வளர்ந்த சோஹோ நிறுவனம், பள்ளிப் படிப்பு முடித்தவர்களை நேரே எடுத்து, கட்டணம் வாங்காமல் மாதப் படி கொடுத்துப் பயிற்றி வேலைக்கு வைக்கிறது. அந்தக் காத்திருப்பு மாதங்களில் ஐந்து பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கிற யாழ்ப்பாண நிறுவனம், அவர்கள் எந்தக் கம்பஸுக்குப் போனாலும் மறக்கப்படாது.

திரும்ப அந்தப் பொடியனிடம் வருகிறேன். நண்பர் அவனை வற்புறுத்தவில்லை. ஒரு கிழமை கழித்து, கோப்பாயில் இருந்த அவன் வீட்டுக்கு இரண்டு பக்கக் கடிதத்தோடு போனார். நானும் போனேன். மாதப் படி எவ்வளவு, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், பங்கு எப்படி உரித்தாகும், சந்தை விலைச் செயலி அவனுடையதாகவே இருக்கும், நிறுவனம் பாவித்தால் அதற்குத் தனியாக எழுத வேண்டும் என்றெல்லாம் தமிழில் எழுதியிருந்தது.

அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்து இளைப்பாறிய அவன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். அம்மா கதவு நிலையில் நின்று, "இரவிலை எத்தினை மணிக்கு விடுவியள்?" என்று கேட்டார். ஆறரை என்றார் நண்பர். அப்பா சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து இரண்டாம் பக்கத்து ஓரத்தில் ஒரு கோடு போட்டார்.

"சோதினைக்கு முதல் மூண்டு கிழமை இவர் வரமாட்டார். படி நிக்கப்படாது. அதை எழுதுங்கோ."

அடுத்த நாள் அந்த வரியையும் சேர்த்து இரண்டு பிரதி அச்சடித்துக் கையொப்பம் வைத்தார்கள். தன் பிரதியை அவன் அலுமாரியிலிருந்து எடுத்த நீல ஃபைலுக்குள், பிறப்புச் சான்றிதழுக்கும் ஏஎல் சேர்டிபிக்கேற்றுக்கும் நடுவில் வைத்தான்.